தம்பி வைத்துவிட்டுப் போன எழுபது டுகாட்

டிரெஸ்டனிலிருந்து கிழக்கே போகும் ரயிலில் பௌட்சன் வரை ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து பஸ். ஊர்ப்பலகைகளில் ஜெர்மன் பெயருக்குக் கீழே அந்தப் பகுதியின் சிறுபான்மை மொழியான சோர்பியத்திலும் பெயர் எழுதியிருப்பார்கள். ஹோக்கிர்ஷ் என்ற பெயருக்குக் கீழே புகெட்ஸி என்று இருந்தது. மேட்டு நிலத்தில் ஒரு சிற்றூர். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் கண்ணில் படுவது தேவாலயக் கோபுரம்தான்.

தேவாலயத்தைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம், அதற்குக் கல் மதில். மதிலை ஒட்டி இறங்கும் குறுகிய தெருவுக்கு 'ரத்தச் சந்து' என்றே பெயர். பழைய மரக்கதவில் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த தடங்கள் இன்னும் இருக்கின்றன. விரலை வைத்துப் பார்த்தேன். 260 வருடத்துக்கு மேல் ஆகியும் துளைகளின் விளிம்பு முழுதாக மழுங்கவில்லை.

நான் தேடி வந்தது உள்ளே இருந்தது. சுவரோரம் ஒரு நினைவுச்சின்னம், மேலே கல் கலசம், அதன் கீழே லத்தீன் எழுத்துகள். ஜேம்ஸ் கீத், பிரஷ்யப் படையின் பீல்டு மார்ஷல். இந்த இடத்துக்கு அருகே நடந்த சண்டையில், நிலைகுலைந்த தன் படையின் வரிசையை மனத்தாலும் கையாலும் குரலாலும் தன் செயலாலும் நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, வீரர்களுக்கு உரிய முறையில் போரிட்டு விழுந்தார், 14 அக்டோபர் 1758. சாரம் இவ்வளவுதான். இதை வைத்தது பிரஷ்யா அல்ல. வியன்னாவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ராபர்ட் மரே கீத் என்ற உறவினர் 1776இல் வைத்தது.

பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய ஏழாண்டுப் போரைப் (1756–63) பற்றிப் படிக்க ஆரம்பித்து சில வருடங்கள் ஆகின்றன. பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக்கின் தளபதிகள் ஒவ்வொருவரும் ஒரு தனிக்கதை. குதிரைப்படைக்கு ஸைடுலிட்ஸ், ஹுஸ்ஸார் என்ற இலகு குதிரைவீரர்களுக்கு ஸீட்டன், கிழவர் ஷ்வெரின். எல்லாரும் ஜெர்மன் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த வரிசையில் கீத் என்ற பெயர் மட்டும் ஒட்டாமல் நின்றது. ஸ்காட்லாந்துக்காரருக்கு சாக்சனி மேட்டில் என்ன வேலை? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஐரோப்பா முழுவதும் சுற்ற வேண்டியிருந்தது. போகப் போக, நான் படித்துக்கொண்டிருப்பது ஒரு தளபதியின் கதையா, ஓர் அண்ணன் தம்பியின் கதையா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது.

1696இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், பீட்டர்ஹெட் என்ற மீன்பிடி ஊருக்குப் பக்கத்தில் இன்வெருகி கோட்டையில் ஜேம்ஸ் கீத் பிறந்தார். ஸ்காட்லாந்து அரசரின் மார்ஷல் என்ற பதவி அந்தக் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக வந்தது. பட்டமும் நிலபுலனும் மூத்தவரான ஜார்ஜுக்கு. இளையவர் ஜேம்ஸ் சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார்.

சட்டப் படிப்பு முடியவில்லை. 1714இல் ஆன் அரசி இறந்ததும் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து ஒருவர் வந்து லண்டனில் அரசரானார். விரட்டப்பட்ட ஸ்டூவர்ட் வம்சத்துக்குத்தான் முடி சேர வேண்டும் என்று மறு வருடம் ஸ்காட்லாந்தில் கிளர்ச்சி வெடித்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே போனார்கள். தம்பிக்கு 19 வயது. ஷெரிஃப்மூர் சண்டை யாருக்கும் வெற்றி என்று சொல்ல முடியாதபடி முடிந்தது, கிளர்ச்சி கலைந்தது. தலைக்கு ஆபத்து. தீவுகளில் ஒளிந்திருந்து, 1716இல் பிரான்சின் பிரிட்டானி கரையில் போய் இறங்கினார்கள். பட்டம் போயிற்று, நிலமும் பறிமுதலாயிற்று.

1719இல் இன்னொரு முறை முயன்றார்கள். ஸ்பெயின் தந்த சுமார் 300 வீரர்களோடு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இறங்கி, கிளென் ஷீல் கணவாயில் தோற்றார்கள். ஸ்பானிய வீரர்கள் சரணடைய, மலைக்காரர்கள் மூடுபனியில் மறைய, ஜேம்ஸ் காய்ச்சலோடு மாதக்கணக்கில் மலைகளுக்குள் ஒளிந்து கிடந்தார். கடைசியில் அவர் கப்பலேறிய துறைமுகம் பீட்டர்ஹெட். பிறந்த வீடு கூப்பிடு தூரத்தில். அதன் பிறகு ஸ்காட்லாந்து மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.

நம் மொழியில் பரதேசி என்ற சொல்லுக்கு முதல் பொருள் வேறு தேசத்தான் என்பதுதான். பிறகுதான் அது பிச்சைக்காரனையும் குறித்தது. இரண்டு பொருளும் ஏன் ஒரு சொல்லுக்குள் வந்து சேர்ந்தன என்பது கீத்தின் இருபதுகளைப் படித்தால் தெரியும். கொஞ்ச காலம் பாரிஸ். அப்புறம் ஸ்பெயின். கையில் கர்னல் பதவிக்கான ஆணை இருந்தது, ஆனால் ரெஜிமென்ட் இல்லை. 1727இல் ஜிப்ரால்டர் முற்றுகையில் ஸ்பெயினுக்காக நின்றார். ஒரு ரெஜிமென்ட் தாருங்கள் என்று அரசர் ஐந்தாம் பிலிப்பிடம் கேட்டபோது, கத்தோலிக்கராக மாறினால் உண்டு என்று பதில் வந்தது. மாறவில்லை. வேறு எங்காவது பார்த்துக்கொள்கிறேன், சிபாரிசுக் கடிதம் ஒன்று மட்டும் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு 1728இல் ரஷ்யாவுக்குப் போனார். அண்ணன் ஸ்பெயினிலேயே இருந்துவிட்டார்.

ரஷ்யாவில் 19 வருடம். மேஜர் ஜெனரலாகச் சேர்ந்தார். ஆன்னா பேரரசி 1730இல் புதிதாக எழுப்பிய இஸ்மைலோவ்ஸ்கி காவல் ரெஜிமென்ட்டில் லெப்டினன்ட் கர்னல் ஆனார். மேலதிகாரிகளில் மூனிஷ் ஜெர்மானியர், பீட்டர் லேசி அயர்லாந்துக்காரர். லேசியும் ஸ்டூவர்ட்டுகளுக்காக நாடிழந்தவர்தான். அந்தக் காலத்தில் பட்டாளம் என்பது ஒரு தொழில். நாடு தோற்றாலும் தொழில் கையில் இருக்கும். ஆகவே எந்தப் படையைத் திறந்து பார்த்தாலும் அயர்லாந்துப் பெயரும் ஸ்காட்லாந்துப் பெயரும் தென்படும். நம் ஊர் வரைக்கும் வந்திருக்கிறார்கள். 1758 டிசம்பரில் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டாரே பிரெஞ்சுத் தளபதி லாலி, அவருடைய அப்பா இதே ஸ்டூவர்ட் பக்கம் நின்று அயர்லாந்தை விட்டு ஓடியவர். வந்தவாசியில் லாலி தோற்றதும் ஹோக்கிர்ஷில் கீத் விழுந்ததும் ஒரே போரின் இரண்டு முனைகள்.

1737இல் துருக்கியரின் ஒச்சாகோவ் கோட்டை முற்றுகை. கோட்டைச் சுவரை நெருங்கிப் போகும்படி மூனிஷ் கட்டளை அனுப்பினார். இப்போதே துப்பாக்கி எட்டும் தூரத்தில்தான் நிற்கிறோம், இன்னும் போனால் ஆட்கள் வீணாகச் சாவார்கள் என்று கீத் சொல்லி அனுப்பினார். கட்டளை திரும்ப வந்தது. போனார். அகழிக்கு முன்னால் போய் நின்றால் தாண்டுவதற்கு ஏணி இல்லை. அங்கே அவர் முழங்காலில் குண்டு பாய்ந்தது. கோட்டைக்குள் வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததால் நகரம் விழுந்தது, வெற்றி மூனிஷுக்குச் சேர்ந்தது. தவறான கட்டளையைத் தவறென்று சொல்லிவிட்டு, பிறகு அதை நிறைவேற்றப் போகும் இந்த கீத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் ரஷ்ய அறுவை மருத்துவர்கள். செய்தி ஸ்பெயினுக்குப் போயிற்று. ஜார்ஜ் கிளம்பினார். வரைபடத்தில் ஒரு விரலை ஸ்பெயினிலும் இன்னொரு விரலைக் கருங்கடல் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். குதிரை வண்டியிலும் கப்பலிலும் அந்தத் தூரம். வந்து சேர்ந்தார், காலை எடுக்கவிட மாட்டேன் என்று நின்றார், தம்பியைக் கிளப்பிப் பாரிசுக்குக் கொண்டுபோனார். அங்கே மருத்துவர்கள் காயத்தைத் திறந்து, குண்டோடு சேர்ந்து உள்ளே போயிருந்த துணித் துண்டுகளை எடுத்தார்கள். கால் பிழைத்தது. எனக்கு மூத்தவர் ஒருவர் உண்டு என்பதாலோ என்னவோ, கீத்தின் சண்டைகள் எல்லாவற்றையும் விட இந்த இடத்தைத்தான் நான் அதிகம் தடவை படித்திருக்கிறேன்.

குணமானதும் 1740இல் ஜேம்ஸ் லண்டனுக்குப் போனார். யாருக்கு எதிராக இரண்டு முறை ஆயுதம் எடுத்தாரோ அந்த ஹனோவர் வம்சத்து இரண்டாம் ஜார்ஜ், ரஷ்யப் பேரரசியின் ஜெனரல் என்ற முறையில் அவரை மரியாதையோடு வரவேற்றார்.

துருக்கியரோடு நடந்த சமாதானப் பேச்சைப் பற்றி ஒரு கதை உண்டு. பேச்சு முடிந்து எல்லாரும் எழுந்தபோது, தலைப்பாகை அணிந்த துருக்கி மந்திரி கீத்தின் கையைப் பிடித்து, சுத்தமான ஸ்காட்லாந்துப் பேச்சில், என் அப்பா கிர்கால்டியில் மணி அடிக்கிறவர், உங்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன் என்றாராம். இதைக் கதையாக மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஊரை விட்டு வந்தவர்கள் இப்படி ஒரு கதையை ஏன் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. வெளியூர் ரயில் நிலையத்தில் எங்கோ பின்னால் தமிழ் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர்களுக்கெல்லாம் புரியும்.

அடுத்தது ஸ்வீடனோடு போர். ரஷ்யப் படை பின்லாந்தைப் பிடித்தபோது அதை நிர்வகிக்கும் பொறுப்பு கீத்திடம் வந்தது. ஒபோ நகரில் ஏவா மெர்தேன் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். அவருக்கு இருபது வயது இருக்கும், இவருக்கு 46. ஜெயித்த படையின் தளபதியும் தோற்ற ஊரின் பெண்ணும். அந்த உறவு எந்த நிலையில் தொடங்கியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அது போர் முடிந்ததும் முடிந்துபோகும் உறவாக இருக்கவில்லை. கல்யாணம் இல்லாமலே ஏவா அவரோடு ரஷ்யாவுக்குப் போனார், பிறகு பிரஷ்யாவுக்கும் போனார், பிள்ளைகள் பிறந்தார்கள், கீத் சாகும்வரை சேர்ந்தே இருந்தார்கள்.

எலிசபெத் பேரரசியின் காலத்தில் ரஷ்யாவில் அவருக்கு மூச்சு முட்டியது. மந்திரி பெஸ்தூஷெவ் எதிரி. அண்ணனை ரஷ்யாவுக்கு வரவழைக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. 1747இல் வெளியேறி, பிரஷ்ய அரசர் பிரெடரிக்குக்கு எழுதினார். பிரெடரிக் யோசிக்கவே இல்லை. அந்த செப்டம்பரிலேயே பீல்டு மார்ஷல் பதவி. இரண்டு வருடத்தில் பெர்லினின் கவர்னர், கூடவே அறிவியல் கழகத்தின் கௌரவ உறுப்பினர். பல மொழி பேசுகிறவர், கணக்கு தெரிந்தவர், அரசரிடம் வழவழவென்று பேசாதவர். சதுரங்கத்தை விரிவாக்கிப் போர் விளையாட்டு ஒன்றை உருவாக்கி இருவரும் விளையாடினார்கள். அண்ணனும் பிரஷ்யாவுக்கு வந்து சேர்ந்தார். 1751இல் ஜார்ஜ் பாரிசுக்கு பிரஷ்யத் தூதராகப் போனார். ஓடத் தொடங்கி 35 வருடம் கழித்து இரண்டு பேருக்கும் ஒரே அரசரின் நிழல் கிடைத்தது.

1756 ஆகஸ்டில் பிரெடரிக் போர் அறிவிக்காமலே சாக்சனிக்குள் நுழைந்தார். பிர்னாவில் சரணடைந்த சாக்சனிப் படையை, சுமார் 18,000 பேரை, அப்படியே பிரஷ்யச் சீருடைக்குள் திணித்தார். நான் வேலை பார்க்கும் டிரெஸ்டன் அன்று பிடிபட்ட நகரம். தன் மண்ணிலிருந்து விரட்டப்பட்ட ஒருவர் இன்னொருவர் மண்ணைப் பிடிக்கும் படையில் பீல்டு மார்ஷலாக இருந்தார் என்பதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கீத்தை எனக்குப் பிடிக்கும். அதற்காக இதை மறைத்து எழுத மாட்டேன்.

அந்த அக்டோபர் 1ஆம் தேதி லோபோசிட்ஸில் மூடுபனிக்குள் சண்டை. எதிரே ஆஸ்திரியத் தளபதி பிரௌன், அவரும் அயர்லாந்துப் பரம்பரை. காரியம் கெட்டது என்று நினைத்து பிரெடரிக் களத்தை விட்டுப் போனபோது பொறுப்பு கீத்திடம் விழுந்தது. பிரஷ்யர்கள் நிலைத்தார்கள், பிரௌன் பின்வாங்கினார். அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் சிறு படையோடு லைப்சிக்கில் இருந்த கீத்தைச் சரணடையச் சொல்லி எதிரிப் பக்கத்துத் தூதர் வந்தார். 'பிறப்பால் நான் ஸ்காட்லாந்துக்காரன், விருப்பத்தாலும் கடமையாலும் பிரஷ்யன். ஸ்காட்லாந்தும் பிரஷ்யாவும் என்னை நினைத்து வெட்கப்படாதபடி இந்த நகரத்தைக் காப்பேன்' என்று பதில் சொன்னார் என்பது பதிவு. ஸ்காட்லாந்துக்கு அவர் தேசத் துரோகி, அவருக்கு அங்கே ஒரு பிடி மண் சொந்தமில்லை. அப்படியும் அதை முதலில் சொல்கிறார்.

அப்புறம் ரோஸ்பாக் சண்டை. அதன் பின் ஆஸ்திரியர்களின் கவனத்தைத் திருப்ப பொகிமியாவுக்குள் ஒரு பாய்ச்சல், அங்கே ஊர் ஊராகப் பணம் வசூல். 1758 கோடையில் ஓல்மூட்ஸ் முற்றுகை. டோம்ஸ்டாட்டில் அருகே பிரஷ்யாவின் தளவாட வண்டித் தொடரை ஆஸ்திரியர்கள் அழித்துவிட்டதால் முற்றுகையைக் கைவிட வேண்டியதாயிற்று. பெரிய பீரங்கிகளையும் ஆயிரக்கணக்கான வண்டிகளையும் மலைப்பாதை வழியாகப் பத்திரமாகப் பின்னால் கொண்டுவந்தது கீத். அவர் செய்ததில் பெரிய காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தோற்றுத் திரும்பும் படையைக் குலையாமல் கொண்டுவருகிற தளபதிக்குப் பாட்டு எழுத யாரும் வரமாட்டார்கள். 62 வயது, உடம்பு சரியில்லை, ஆனால் அக்டோபரில் அரசரோடு மறுபடி சேர்ந்துகொண்டார்.

ஹோக்கிர்ஷுக்கு வந்துவிட்டோம். பிரெடரிக்கிடம் ஏறத்தாழ 30,000 பேர். எதிரே மேடுகளில் டௌன் தலைமையில் சுமார் 80,000 ஆஸ்திரியர்கள். அவர்களுடைய பீரங்கி எட்டும் தூரத்தில் பிரெடரிக் முகாம் போடச் சொன்னார். இடம் குறிக்க வேண்டிய அதிகாரி மார்விட்ஸ் மாட்டேன் என்றதற்குக் கைது செய்யப்பட்டார். டௌன் தாக்க மாட்டார், அவர் சுபாவமே அது, என்பது அரசரின் கணக்கு.

கீத் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'இந்த இடத்தில் முகாமிட்டிருக்கும் நம்மை ஆஸ்திரியர்கள் சும்மா விட்டார்களானால் அவர்களைத் தூக்கில்தான் போட வேண்டும்.' பிரெடரிக் சொன்னார்: 'தூக்குமரத்தைவிட நம்மிடம்தான் அவர்களுக்குப் பயம் அதிகம் என்று நம்புவோம்.'

இந்த இரண்டு வாக்கியங்களும் புத்தகம் தவறாமல் வரும், சிரிப்புக்காக. அந்த மேட்டில் நின்று நாலா பக்கமும் பார்த்தால் சிரிப்பு வராது. தெற்கே காடு மூடிய குன்று ஊர்த்தலைக்கு மேலே நிற்கிறது. கிளம்பலாம், கிளம்பியிருக்க வேண்டும். கீத்துக்கு அது தெரியும். ஒச்சாகோவில் சொன்னதுபோலவே சொன்னார், அங்கே போனதுபோலவே இங்கே இருந்தார்.

13ஆம் தேதி இரவெல்லாம் ஆஸ்திரியர்கள் மரம் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அரண் கட்டுகிறார்கள் என்று பிரஷ்யர்கள் நினைத்தார்கள். அந்தச் சத்தத்தின் மறைவில், முகாமில் நெருப்பை எரியவிட்டுவிட்டு, படை காட்டுக்குள் நகர்ந்தது. ஸீட்டன் மட்டும் தன் குதிரைகளின் சேணத்தைக் கழற்றவிடவில்லை. விடிகாலை ஹோக்கிர்ஷ் தேவாலய மணி ஐந்து அடித்தது. அதுதான் ஆஸ்திரியர்களுக்குச் சமிக்ஞை.

பனியும் இருட்டும். கூடாரத்திலிருந்து பாதி உடுப்போடு ஓடிவந்தவர்கள், எதிரி கைக்குப் போன தங்கள் பீரங்கிகளாலேயே சுடப்பட்டார்கள். கல்லறைத் தோட்டத்து மதிலுக்குப் பின்னால் மேஜர் லாங்கன் ஒரு பட்டாலியனோடு தாக்குப்பிடித்தார். தோட்டா தீரும்வரை. பிறகு துப்பாக்கி முனைக் கத்தியோடு வெளியே பாய்ந்து, மரணக் காயம் பட்டார். கதவில் நான் விரல் வைத்தது அந்த ஒரு காலைப்பொழுதின் மேல்தான்.

ஊரை மீட்கக் கிடைத்த ரெஜிமென்ட்டுகளைத் திரட்டிக்கொண்டு கீத் குதிரையில் முன்னால் போனார். ஒரு குண்டு பட்டது, இறங்கவில்லை. பின்னும் ஒன்று. குதிரையிலிருந்து சரிந்தவரைத் தாங்கிய குதிரைக்காரனால் உடலைக் கொண்டுபோக முடியவில்லை. பிரஷ்யா அன்று சுமார் 9,000 பேரையும் 101 பீரங்கிகளையும் இழந்தது. பிரஷ்ய அரசியின் தம்பி பிரான்ஸும் இறந்தவர்களில் ஒருவர். அதே நாளில் பைராய்த்தில் பிரெடரிக்கின் பிரியமான அக்கா வில்ஹெல்மினாவும் இறந்தார்.

உடலை யாரோ உரித்துவிட்டார்கள். சீருடை இல்லாத கிழவர் உடல் ஒன்று, ஒரு குரோவாட் சிப்பாயின் மேலங்கி போர்த்தி, இந்தத் தேவாலயத்துக்குள் கிடந்தது. ஆஸ்திரியத் தளபதிகள் உள்ளே வந்தார்கள். அதில் ஒருவர் பிரான்ஸ் மோரிட்ஸ் லேசி. ரஷ்யாவில் கீத்துக்கு மேலதிகாரியாக இருந்த அந்த அயர்லாந்துக்காரர் பீட்டர் லேசியின் மகன். முழங்காலின் பழைய காயத்தை வைத்து அடையாளம் கண்டு, இவர் என் அப்பாவின் நண்பர் கீத் என்றார். டௌன் கண் கலங்கினார். எதிரிகளே முழு ராணுவ மரியாதையோடு அங்கேயே அடக்கம் செய்தார்கள். அண்ணன் காப்பாற்றிக் கொடுத்த அந்தக் காலால்தான் அவர் பெயரில்லாத பிணமாகப் புதையாமல் தப்பினார்.

1759இல் பிரெடரிக் உடலை பெர்லின் காவற்படைத் தேவாலயத்துக்கு மாற்றினார். அது இரண்டாம் உலகப் போரில் எரிந்தது. நிலவறையில் மிஞ்சியவற்றை 1949இல் நகருக்கு வெளியே ஸ்டான்ஸ்டார்ஃப் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பெர்லின் சிலையின் பிரதி ஒன்றை 1868இல் பிரஷ்ய அரசர் பீட்டர்ஹெட்டுக்குப் பரிசளித்தார். ஊர் திரும்பியது சிலைதான்.

ஜார்ஜ் அப்போது, பிரஷ்ய அரசரின் ஆட்சியில் இருந்த, இன்றைய சுவிட்சர்லாந்தின் நியூஷாடெலுக்குக் கவர்னர். தம்பி இறந்த செய்திக்குப் பிறகு பாரிஸ் தோழி ஒருவருக்கு எழுதினார்: தம்பி எனக்குப் பெரிய சொத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், போன வருடம் பொகிமியா முழுவதும் அவன் வசூலுக்குக் கீழே இருந்தது, இப்போது அவன் கையிருப்பு எழுபது டுகாட் தங்கக் காசு. அதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். தம்பியின் நேர்மையை இதைவிட ஓர் அண்ணன் எப்படிச் சொல்வார்?

1759இல் லண்டன் ஜார்ஜுக்கு மன்னிப்பு வழங்கியது. 1764இல் எடின்பரோவில் குடும்ப நிலங்கள் ஏலத்துக்கு வந்தபோது, எழுபது வயது தாண்டிய அவரே போய் விலை சொன்னார். அவரை எதிர்த்து யாரும் கேட்கவில்லை. கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். எதற்காக இரண்டு பேரும் 19, 22 வயதுகளில் கிளம்பினார்களோ அந்த மண்ணில் ஒரு பங்கு கைக்கு வந்துவிட்டது. அவரால் அங்கே இருக்க முடியவில்லை. அந்த வருடமே போட்ஸ்டாமுக்குத் திரும்பினார். ஸான்ஸூஸி அரண்மனைக்கு அருகே பிரெடரிக் அவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். தம்பி இறந்து இருபது வருடம் கழித்து, 1778இல், அந்த வீட்டில் இறந்தார்.